தாய்ப் பத்திரம் தேடும் தொழில்

மறைமலைநகரிலோ சிங்கப்பெருமாள்கோயிலிலோ அரை கிரவுண்டு மனை வாங்கப்போகிறவர்கூட முன்பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுகிறார். விற்பவர் கையில் இருக்கும் கிரயப் பத்திரம் மட்டும் அவருக்குப் போதாது. அதற்கு முந்தியது எங்கே, அதற்கும் முந்தியது எங்கே என்று தாய்ப் பத்திரம் வரை கேட்கிறார். என்றோ நடந்த பாகப்பிரிவினையில் விட்டுப்போன ஒரு கையெழுத்து இன்றைக்குக் கட்டிய வீட்டை அசைத்துவிடும் என்பது செங்கல்பட்டு வட்டாரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த வில்லங்கச் சான்று இப்போது பதிவுத்துறையின் இணையதளத்திலிருந்து பிடிஎஃப் கோப்பாக வருகிறது. ஆனால் அந்தக் கோப்பைத் திறந்து திரையில் வரைந்து காட்டுகிற மென்பொருளின் தாய்ப் பத்திரத்தை யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதுதான் என் தொழில். ஆவணம் திறக்கும் கட்டற்ற மென்பொருள்களில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடிப்பிடித்து அடைக்கிறோம் என்று சொன்னால், கேட்கிறவர்கள் அடைப்பதைத்தான் பெரிய வேலையாக நினைக்கிறார்கள். அடைப்பு பெரும்பாலும் நாலைந்து வரி. அந்த வரிகள் எந்தெந்த நகல்களுக்கெல்லாம் போகவேண்டும் என்று கண்டுபிடிப்பதும், போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும்தான் முக்கால் பங்கு வேலை. அந்த முக்கால் பங்குக்குத்தான் நம் நாட்டில் ஆளும் இல்லை, பணமும் இல்லை, பெயரும் இல்லை.

பிடிஎஃப் கோப்பைப் பலர் படம் மாதிரி நினைக்கிறார்கள். அது கட்டளைகளின் தொகுப்பு. இந்த இடத்தில் இந்த எழுத்தை வை, இங்கே ஒரு கோடு இழு, சுருக்கி வைத்திருக்கும் இந்தப் படத்தை விரித்துப் போடு என்று கோப்பு சொல்லச் சொல்ல, மென்பொருள் செய்துகொண்டே போகும். உள்ளே எழுத்துருக்கள் இருக்கும், ஒவ்வொன்றும் தனக்கென அட்டவணைகள் கொண்ட தனிக் கோப்பு. படங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறையில் சுருக்கப்பட்டிருக்கும். ஆக, ஆவணம் திறக்கும் மென்பொருள் என்பது முன்பின் தெரியாதவர் எழுதித்தந்த கட்டளைகளை நாள் முழுக்க நிறைவேற்றும் வேலையாள். பொத்தேரியில் கல்லூரி வாசலை ஒட்டிய ஜெராக்ஸ் கடைக் கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை பென் டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் வருகிற கோப்புகளை அது திறந்தபடியே இருக்கிறது. மறைமலைநகர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் பட்டறைக்கு வரைபடம், கொட்டேஷன், பர்ச்சேஸ் ஆர்டர் எல்லாமே பிடிஎஃப்பாக வருகின்றன. தெரியாதவர் அனுப்பும் கோப்பைத் திறக்காதீர்கள் என்ற அறிவுரையை இவர்களிடம் சொல்லிப் பயனில்லை. தெரியாதவர் கோப்பைத் திறப்பதுதான் இவர்களுடைய பிழைப்பு. எனவே பொறுப்பு திறக்கிறவர் தலையில் விழக்கூடாது, திறக்கும் மென்பொருளைச் செய்கிறவர்கள்மீதும் அதைக் கொண்டுவந்து சேர்க்கிறவர்கள்மீதும் விழவேண்டும்.

என் வாதத்துக்குச் சாட்சியாக ஒரே ஒரு ஓட்டையின் வம்சாவளியைச் சொல்கிறேன். ஸ்கேன் செய்த பக்கங்களைச் சுருக்குவதற்கு ஜேபிக்2 என்று ஒரு முறை உண்டு. 2000 வாக்கில் தரப்படுத்தப்பட்டது. கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் ஒரே எழுத்து நூறு தடவை வந்தால், அதன் வடிவத்தை ஒருமுறை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் 'அதே வடிவம், இந்த இடத்தில்' என்று குறித்துவிடும். (இந்தச் சிக்கனத்துக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. 2013இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் நகலெடுத்த பக்கங்களில் 6 என்ற எண் 8 ஆக மாறி வந்தது. ஒன்றுபோலத் தெரிந்த வடிவங்களை ஒன்றாகவே எடுத்துக்கொண்டதுதான் காரணம். எண்கள் மாறிய ஒரு பத்திர நகலை நினைத்துப் பாருங்கள்.) இந்த முறையை விரித்துப் படிக்கும் நிரலை எக்ஸ்பிடிஎஃப் என்ற கட்டற்ற மென்பொருளில் எழுதினார்கள். அந்த நிரல் கோப்பின் தலைப்பில் 2002-2003 என்ற உரிமை ஆண்டு இருக்கிறது. எக்ஸ்பிடிஎஃப்பிலிருந்து பாப்லர் கிளைத்தது. லினக்ஸ் கணினிகளில் எவின்ஸ், ஆக்குலர் போன்ற பார்வையிடும் மென்பொருள்களின் அடியில் வேலை செய்வது பாப்லர்தான். ஆப்பிள் நிறுவனமும் அதே ஜேபிக்2 நிரலை எடுத்துத் தன் கருவிகளுக்குள் வைத்துக்கொண்டது. நிலமொழியில் சொன்னால் ஒரே தாய்ப் பத்திரம், மூன்று உட்பிரிவுகள்.

பிழை இருந்த இடத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். எழுத்துகள் நிறைந்த ஒரு பகுதியை வரைவதற்கு முன், அந்தப் பகுதிக்கு வேண்டிய வடிவங்கள் மொத்தம் எத்தனை என்று நிரல் எண்ணவேண்டும். வடிவங்கள் பல தொகுதிகளில் கிடக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு ஒரே மாறியில் கூட்டிக்கொண்டே போகிறது. அந்த மாறிக்கு 32 பிட்தான் இடம். 4,294,967,295 வரை தாங்கும். அதற்கு மேல் ஒன்று கூட்டினால் பழைய வண்டிகளின் கிலோமீட்டர் மீட்டர் 99999க்குப் பிறகு 00000க்குத் திரும்புவதுபோலப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். கெட்ட எண்ணத்தோடு செய்த கோப்பு ஒன்று, தொகுதிகளின் கணக்கை அந்த எல்லையைத் தாண்டுமாறு அமைத்துவிட்டால், மொத்தம் மிகச் சிறிய எண்ணாக வந்து நிற்கும். நிரல் அந்தச் சிறிய எண்ணை நம்பிச் சிறிய இடத்தை ஒதுக்கும். அடுத்த சுற்றில் வடிவங்களின் முகவரிகளை ஒவ்வொன்றாக அந்த இடத்தில் எழுதத் தொடங்கும்போது மொத்தத்தைப் பார்க்காது, தொகுதிகளையே மறுபடி நடந்து எழுதும். பத்துப் பேருக்குப் போட்ட பந்தியில் ஊரே உட்கார வந்ததுபோல, ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் பக்கத்து நினைவகமெல்லாம் எழுதப்படும். அங்கே என்ன எழுதப்படுகிறது என்பதைக் கோப்பைச் செய்தவர் தீர்மானிக்க முடிந்தால், கணினி அவருடையது. இதை அடைக்கக் கூட்டுவதற்கு முன் ஒரு கேள்வி போதும்: கூட்டினால் எல்லை தாண்டுமா? தாண்டும் என்றால் கோப்பு கெட்டது என்று சொல்லிவிட்டு வெளியே வா. பாப்லரில் போட்ட அடைப்பும் ஏறத்தாழ இதுதான்.

இந்த ஓட்டை வெளிச்சத்துக்கு வந்த விதம் உலகச் செய்தி. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள், சவூதி அரேபியாவைச் சேர்ந்த ஒரு செயற்பாட்டாளரின் ஐபோனில் பெகாசஸ் உளவு மென்பொருளின் தடயங்களை ஆராய்ந்தபோது, கிஃப் படம் என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே பிடிஎஃப்பாக இருந்த கோப்புகளைக் கண்டார்கள். ஃபோர்ஸ்டுஎன்ட்ரி என்று அதற்குப் பெயரிட்டார்கள். 2021 செப்டம்பர் 13 அன்று ஆப்பிள் தன் நகலை அடைத்தது. ஓட்டைகளுக்கு இடும் பொது அடையாள எண்ணில் அது சிவிஇ-2021-30860. அதே டிசம்பரில் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு அந்தக் கோப்பின் உள்வேலையை விவரித்தது. 70,000க்கும் மேற்பட்ட ஜேபிக்2 கட்டளைகளை வைத்து, படத்தை விரிக்கும் நிரலுக்குள்ளேயே ஒரு சிறு கணினியைக் கட்டியிருந்தார்கள். அந்த விவரணையைப் படித்த எங்கள் துறையினர் எல்லாரும் அதன் திறமையைப் பேசினார்கள். எனக்கு இன்றுவரை மறக்காதது அதற்குப் பிறகு வந்த தேதிகள். எக்ஸ்பிடிஎஃப்பில் அதே பிழை 2022 ஏப்ரலில் வந்த 4.04ஆம் பதிப்பில்தான் சரியானது. பாப்லரில் 2022 ஆகஸ்ட் கடைசியில் சரிசெய்தார்கள், செப்டம்பரில் 22.09 பதிப்பாக வெளிவந்தது. எண் சிவிஇ-2022-38784. ஆப்பிளின் நகல் அடைபட்டதற்கும் பாப்லரின் நகல் அடைபட்டதற்கும் இடையே ஏறத்தாழ ஒரு வருடம். அதில் டிசம்பருக்குப் பிந்திய மாதங்கள் முழுக்க ஓட்டையின் இடம், செயல்முறை, விளக்கம் எல்லாம் படிக்கத் தெரிந்த எவருக்கும் திறந்து கிடந்தன. நம் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரனின் மேற்பார்வையில் பெகாசஸ் விசாரணைக் குழுவை அமைத்து, 29 கைபேசிகளை ஆராய்ந்த அறிக்கை 2022 ஆகஸ்ட் கடைசியில் நீதிமன்றத்தில் பேசப்பட்டபோது, ஆயிரக்கணக்கான இந்திய அலுவலகங்களின் லினக்ஸ் கணினிகளில் அந்த நிரல்வரி பழையபடியே இருந்தது.

யாருடைய அலட்சியம் என்று கேட்டால் எனக்கு ஒருவரைக் காட்டத் தோன்றவில்லை. ஆப்பிள் தன் மனையைச் சரிசெய்தது. பாப்லரைப் பராமரிக்கிறவர்கள் கையளவு ஆட்கள், தகவல் கைக்கு வந்ததும் சரிசெய்தார்கள். அவர்கள் போட்ட மாற்றக்குறிப்பு, உடைந்த கோப்பால் நிரல் விழுவதைச் சரிசெய்ததாகச் சொல்லி, ஆப்பிளின் பழைய எண்ணைச் சுட்டுகிறது. அந்தச் சுட்டு எனக்கு முக்கியமானது. யாரோ ஒருவர் இந்த இரண்டு நிரல்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நினைவில் வைத்திருந்து போய்ச் சொன்னதால்தான் அது நடந்தது. அந்த நினைவை ஏற்று நடத்த ஓர் அமைப்பு இல்லை. நிலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகம் இருக்கிறது, கிரயம் ஆனாலும் அடமானம் ஆனாலும் அங்கே ஏறும். நகலெடுத்த நிரலுக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. உரிமக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு நிரலை எடுத்துப்போனவர், அதில் பின்னால் ஓட்டை தெரிந்தால் தனக்கும் சொல்லவேண்டும் என்று எங்கும் எழுதிவைக்க வழியில்லை.

இதனால் எங்கள் வேலையில் கண்டுபிடிப்பதும் ஒரு வம்ச விசாரணையாகவே முடிகிறது. மாமல்லபுரத்துச் சிற்பிகள் கல்லை உளியால் தட்டி ஓசை பார்த்து எடுப்பார்கள். உள்ளே விரிசல் இருந்தால் ஓசை மழுங்கும். ஃபஸ்ஸிங் என்று நாங்கள் செய்வதும் தட்டிப் பார்ப்பதுதான்: ஒரு நல்ல கோப்பை எடுத்து ஆங்காங்கே பைட்டுகளை மாற்றி, லட்சக்கணக்கான கெட்ட கோப்புகளை மென்பொருளுக்கு ஊட்டுகிறோம். 2013இல் வந்த ஏஎஃப்எல் கருவியும், 2016 டிசம்பரில் கூகுள் கட்டற்ற மென்பொருள்களுக்காகத் தொடங்கிய ஓஎஸ்எஸ்-ஃபஸ் திட்டமும் இந்தத் தட்டலை இரவுபகலாக ஓடவிட்டன. ஆனால் தட்டிய இடத்துக்கு அருகே உள்ள விரிசல்தான் ஓசையில் தெரியும். நேரத்துக்கும் நினைவகத்துக்கும் வரம்பு வைத்து ஓடும் சோதனையில், நானூறு கோடிக்கு மேல் கூட்டிப்போகிற பாதை சுலபத்தில் எட்டாது. நிரல் விழுந்த பிறகு, எந்த வரியில், எந்த ஒதுக்கீட்டைத் தாண்டி, எத்தனை பைட் எழுதியது என்பதை அட்ரஸ் சானிடைசர் என்ற கருவி சொல்லிவிடும். விழவைத்த கோப்பைச் சுருக்கிச் சுருக்கி, இதற்குமேல் ஒரு பைட் குறைத்தாலும் விழாது என்ற நிலைக்குக் கொண்டுவருவோம். அதோடு பலருக்கு வேலை முடிந்துவிடுகிறது. அனுபவப்பட்டவர்கள் அங்கிருந்துதான் தொடங்குவார்கள்: அந்தச் செயற்கூறின் பெயர், மாறிகளின் பெயர், கருத்துரையில் உள்ள ஒரு எழுத்துப்பிழை, இவற்றை வைத்து வேறு மென்பொருள்களின் மூலத்தில் தேடுவார்கள். பெயரை மாற்றியவர்கள்கூட எழுத்துப்பிழையை மாற்றியிருக்க மாட்டார்கள். முன்னோர் யார், கிளைகள் எவை, எந்த வருடத்தில் பிரிந்தன, பிழை பிரிவதற்கு முன் வந்ததா பின் வந்ததா என்று கண்டால்தான் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டவேண்டும் என்பது தெரியும்.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 2004, 2005 ஆண்டுகளில் எக்ஸ்பிடிஎஃப்பில் ஓர் ஓட்டை தெரியவந்தால், கேபிடிஎஃப், ஜிபிடிஎஃப், அச்சுக்கான கப்ஸ், கேஆஃபீஸ், டெக் தொகுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அதே அடைப்பைப் போடவேண்டியிருந்தது, எல்லாரும் அதே நிரலை நகலெடுத்து உள்ளே வைத்திருந்ததால். அந்த அலுப்பிலிருந்து பிறந்ததுதான் பாப்லர்: எல்லாரும் தனி நகலை விட்டுவிட்டு ஒரே நூலகத்தைப் பகிர்ந்துகொண்டால் ஒரே இடத்தில் அடைத்தால் போதும் என்று 2005இல் பிரித்தெடுத்தார்கள். லினக்ஸ் வெளியீடான டெபியன் திட்டம் தன் விதிகளிலேயே, வேறு மென்பொருளின் நகலை உள்ளே வைக்காதே, பொதுநூலகத்தைப் பயன்படுத்து என்கிறது. நான் பார்த்தவரை எங்கள் துறையில் இத்தனை பயன் தந்த விதி வேறில்லை. ஆனால் விதி டெபியனின் எல்லைக்குள்தான் செல்லும். ஆவணம் பார்க்கும் எவின்ஸில் 2017இல் ஓர் ஓட்டை தெரிந்தது. காமிக்ஸ் புத்தகங்களுக்கான சிபிடி கோப்பு என்பது டார் முறையில் கட்டிய மூட்டை. அந்த மூட்டைக்குள் இருக்கும் ஒரு கோப்பின் பெயரே இரண்டு கோடுகளில் தொடங்கினால், டார் கருவி அதைப் பெயராகப் பார்க்காமல் தனக்கிட்ட கட்டளையாக எடுத்துக்கொண்டது. எவின்ஸ் அதை அடைத்தது. எவின்ஸிலிருந்து கிளைத்த ஏட்ரிலில், அதே சிபிடி வழியாகக் கட்டளை நுழைக்கும் ஓட்டை 2024 ஜனவரியில் மறுபடியும் அறிவிக்கப்பட்டது. ஆறரை வருடம்!

தாயிடமிருந்து கீழே வரும் பாதையிலும் சிக்கல் குறைவில்லை. சென்னை சி-டாக் உருவாக்கும் பாஸ் லினக்ஸ், 2007இல் முதல் பதிப்பு வந்த நாள்முதல் டெபியனை அடியாகக் கொண்டது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வாங்கிக் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. டெபியனின் ஒரு பதிப்புக்கு நீட்டித்த ஆதரவும் சேர்த்து ஐந்து வருடம் அடைப்புகள் வரும். மடிக்கணினி அதற்கு மேலும் உழைக்கும். அண்ணன் படித்து முடித்துத் தங்கைக்குக் கொடுத்த மடிக்கணினிக்கு அடைப்பு வருவது நின்றுபோனது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. ஆதரவு உள்ள பதிப்பிலும் ஒரு குழப்பம் உண்டு. டெபியன் 11இல் பாப்லரின் பதிப்பு 20.09. ஓட்டை 22.09இல் சரியானது என்று படித்த தணிக்கையாளர், எண்ணைப் பார்த்ததும் இது பழசு, ஓட்டை உண்டு என்று சிவப்பு மையில் எழுதிவிடுவார். ஆனால் டெபியன் புதிய பதிப்புக்குத் தாவுவதில்லை. அடைப்பை மட்டும் எடுத்துப் பழைய நிரலுக்குப் பொருந்தத் தைத்துப் போடும். பதிப்பெண்ணின் வாலில்தான் அந்தத் தையல் தெரியும். இந்தப் பின்னொட்டு வேலை, பெயருக்குச் சொல்வதைவிட நுணுக்கமானது. இரண்டு வருடத்தில் சுற்றியுள்ள நிரல் மாறியிருக்கும், புதிய நிரலில் இருக்கும் உதவிச் செயற்கூறு பழையதில் இருக்காது. ஐந்து வரி அடைப்பை இறக்க அரைநாள் படிப்பு தேவைப்படும்.

இதைவிட ஆழமான சாட்சி எழுத்துருப் பக்கம் இருக்கிறது, தமிழர்களுக்கு நேரடியாகப் பொருந்துவதும் அதுதான். நம் அரசாணைகளும் அழைப்பிதழ்களும் வினாத்தாள்களும் பிடிஎஃப் ஆகும்போது தமிழ் எழுத்துரு உள்ளே பொதிந்தே வருகிறது. வானவில், பாமினி, டாப், டாம் என்று பழைய குறியாக்கங்களில் செய்த கோப்புகளில் எழுத்துரு இல்லாவிட்டால் ஒன்றுமே படிக்க முடியாது. ஆகவே தமிழ் ஆவணம் திறக்கும்போதெல்லாம் எழுத்துருவை விரிக்கும் ஃப்ரீடைப் போன்ற நூலகத்துக்கு வேலை உறுதி. அந்த ஃப்ரீடைப்பில் சிவிஇ-2025-27363 என்ற ஓட்டையை 2025 மார்ச்சில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் அறிவித்தது, அது ஏற்கெனவே தாக்குதலில் பயன்பட்டிருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு. பல வடிவங்களைச் சேர்த்து ஒரே எழுத்தாகக் கட்டும் இடத்தில், குறை எண்ணும் தாங்கக்கூடிய சிறிய மாறியிலிருந்த மதிப்பைக் குறை எண் தெரியாத பெரிய மாறிக்கு மாற்றி, அதோடு ஒரு நிலையெண்ணைக் கூட்டியபோது கணக்கு சுற்றிவந்து, தேவையைவிடச் சின்ன இடம் ஒதுக்கப்பட்டது. ஜேபிக்2வின் சொந்தக்காரப் பிழை. பாதிப்பு 2.13.0 வரையிலான பதிப்புகளில். அதாவது 2023இலேயே அதற்கடுத்த பதிப்பில் அந்த இடம் சரியாகிவிட்டது! பாதுகாப்பு அடைப்பு என்ற பெயரோ எண்ணோ இல்லாமல் சரியானதால், பழைய பதிப்பை வைத்திருந்த வெளியீடுகளுக்கு அதை இறக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆண்ட்ராய்டுக்கான அடைப்பு 2025 மே மாதம் வந்தது. தாய் வீட்டில் நோய் தீர்ந்து இரண்டு வருடமாகியும் பிள்ளைகள் வீட்டில் மருந்து போகவில்லை என்றால், குறை மருத்துவத்தில் இல்லை, தபாலில்.

இந்த இடத்தில் எழும் ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். பெகாசஸ் மாதிரியான ஆயுதம் நாடுகளின் கையில் இருப்பது, மறைமலைநகர் பட்டறைக்கு அதனால் என்ன என்பது முதலாவது. கண்டுபிடிக்கும்வரைதான் அது விலை உயர்ந்த ஆயுதம். அடைப்பு வெளியான மறுநாள், அடைப்புக்கு முந்திய நிரலையும் பிந்திய நிரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று எழுதி ஒட்டியதுபோலத் தெரியும். ஆகவே தாய் அடைபட்ட நாளுக்கும் கடைசிக் கிளை அடைபட்ட நாளுக்கும் இடையில் உள்ள காலம், திறமை குறைந்த திருடனுக்கு நாம் கொடுக்கும் சலுகைக் காலம். நம் கணினிகளை யார் குறிவைக்கப்போகிறார்கள் என்றால், அதற்கும் பதில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில், ஏபிடி36 என்ற உளவுக்குழு நம் பாஸ் லினக்ஸையே குறிவைத்து, கூட்ட அறிவிப்புப் பிடிஎஃப் போலத் தோன்றும் குறுக்குவழிக் கோப்புகளை அனுப்பியதாகப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது, கோப்பைத் திரையில் வரையும் நிரலின் ஓட்டை வழியாக நடந்ததல்ல, ஏமாற்று. ஆனாலும் பாஸை ஆராய்ந்து, ஆவணத்தையே தூண்டிலாக வைக்க ஆள் இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டுமா?

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: ஒவ்வொரு ஓட்டையாக ஓடுவதை விட்டுவிட்டு, நினைவகப் பிழையே வராத மொழியில் எல்லாவற்றையும் திரும்ப எழுதிவிடலாமே, அடைத்த கூண்டுக்குள் வைத்து ஓட்டலாமே? செய்யவேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. மேலே சொன்ன இரண்டு கணக்குப் பிழைகளும் ரஸ்ட் போன்ற மொழியில் இந்த அளவு கேடு செய்திருக்காது. ஆனால் ஆப்பிளிடம் அப்போதே கூண்டு இருந்தது. அந்தக் கிஃப் கோப்பு கூண்டுக்கு வெளியே இருந்த வேறொரு செயல்பாட்டில் திறக்கப்பட்டது. நினைவகத்தைத் தொடாத மொழியிலும் ஓட்டை வருகிறது என்பதற்கு ஃபயர்ஃபாக்ஸின் பிடிஎஃப்.ஜேஎஸ் சாட்சி. முழுக்க ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது. எழுத்துருவின் ஒரு அளவை எண்தானா என்று சோதிக்காமல் விட்டதால், கோப்பைச் செய்தவர் தன் நிரலை ஓடவைக்க முடிந்தது. சிவிஇ-2024-4367, 2024 மே மாதம் ஃபயர்ஃபாக்ஸ் 126இல் அடைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் புதிதாக இல்லை: பிடிஎஃப்.ஜேஎஸ்ஸை உள்ளே வைத்துக் கட்டிய எண்ணற்ற வலைச் செயலிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அந்த நகலை மாற்றவேண்டியிருந்தது. மொழியை மாற்றினால் ஓட்டைகளின் எண்ணிக்கை குறையும், நகல்களின் எண்ணிக்கை குறையாது.

ஆட்டோ அப்டேட் போட்டுவைத்தால் போதாதா என்றும் கேட்கிறார்கள். பொதுநூலகத்தைப் பயன்படுத்தும் மென்பொருளுக்குப் போதும், அதைக் கட்டாயம் போடுங்கள். பில் போடும் மென்பொருள், வரைபடம் பார்க்கும் மென்பொருள் என்று தனி நிறுவனத்திடம் வாங்கியவை தமக்குள் எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பைச் சுருட்டி வைத்திருக்கின்றன என்பது இயங்குதளத்துக்குத் தெரியாது. இணையமே இல்லாத பட்டறைத் தளக் கணினிக்கு அப்டேட் யார் கொண்டுபோவது? பென் டிரைவில் கோப்பு மட்டும் தவறாமல் போகிறது.

கடைசி ஆட்சேபம் எங்கள் ஆட்களிடமிருந்தே வருவது: கட்டற்ற மென்பொருள் எல்லார் கண்ணுக்கும் திறந்திருக்கிறது, பார்க்கிறவர்கள் பார்த்துச் சரிசெய்வார்கள். ஏறத்தாழ இருபது வருடம் அந்த ஜேபிக்2 கூட்டல் எல்லார் கண்ணுக்கும் திறந்தே இருந்தது. திறந்திருப்பது பார்க்க அனுமதிக்கிறது, அவ்வளவுதான், பார்க்கும் கூலியை அது தருவதில்லை. எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்கும் லிப்எக்ஸ்எம்எல்2வை ஏறத்தாழ தனியாளாகப் பராமரித்தவர், பாதுகாப்பு அறிக்கைகளை இனி ரகசியக் கெடு வைத்துத் தனியாக நடத்தமாட்டேன், மற்றப் பிழைகளைப் போலவே பார்ப்பேன் என்று 2025 ஜூனில் அறிவித்தார். பெரிய நிறுவனங்கள் லாபம் பார்க்கும் மென்பொருளுக்குத் தன்னார்வலர் இரவுத் தூக்கத்தைக் கொடுக்கவேண்டியதில்லை என்ற அவர் நியாயத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அங்கே கேட்கவேண்டிய ஆள் நாம்தான். எங்கள் செங்கல்பட்டு வட்டார நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் மென்பொருள் ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள், பொறியியல் கல்லூரிகள், வாகனத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. எல்லாவற்றின் அடியிலும் இந்த நூலகங்கள் ஓடுகின்றன. புதிய ஓட்டை கண்டுபிடித்துச் சன்மானம் வாங்கத் துடிக்கும் மாணவர்களைப் பார்க்கிறேன், அந்த ஆர்வம் நல்லது. ஒரு பழைய அடைப்பு பாஸின் பழைய பதிப்புக்கு இறங்கியதா என்று பார்த்து, இறங்காவிட்டால் தைத்துக் கொடுக்கும் வேலையை இறுதியாண்டுத் திட்டமாக ஏற்கும் துறைத்தலைவரைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

பதிவேட்டின் தொடக்கம் என்று சொல்லத்தக்க ஒன்று வந்திருக்கிறது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2024 அக்டோபரில் மென்பொருள் உட்பொருள் பட்டியலுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. எஸ்பாம் என்று சுருக்கமாகச் சொல்கிறோம். ஒரு மென்பொருளுக்குள் எந்தெந்த நூலகங்கள், எந்தப் பதிப்பு, யாரிடமிருந்து வந்தவை என்று விற்பவர் எழுதிக்கொடுக்கவேண்டும். அரசும் பொதுத்துறையும் அத்தியாவசியச் சேவைகளும் அதைக் கேட்டு வாங்கவேண்டும் என்கிறது. வழிகாட்டுதல் என்பதால் கேட்டால்தான் கிடைக்கும். வில்லங்கச் சான்றும் அப்படித்தான், யாரும் வீட்டுக்குக் கொண்டுவந்து தரமாட்டார்கள், வாங்குகிறவர் போட்டுப் பார்க்கவேண்டும். தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்று அடுத்த மென்பொருளுக்குப் போடும் பர்ச்சேஸ் ஆர்டரில் 'உட்பொருள் பட்டியல் இணைக்கவும், உள்ளிருக்கும் நூலகத்தில் ஓட்டை அறிவிக்கப்பட்டால் இத்தனை நாளில் அடைப்பு தரவும்' என்று இரண்டு வரி சேர்ப்பதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை. பட்டியலில் நூலகத்தின் பெயர் மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். எக்ஸ்பிடிஎஃப்பிலிருந்து ஒரே ஒரு கோப்பை மட்டும் எடுத்து ஒட்டிக்கொண்டவர் பட்டியலில் எக்ஸ்பிடிஎஃப் என்று எழுதமாட்டார். அப்படி ஒட்டியதைக் கண்டுபிடிக்க மறுபடியும் எழுத்துப்பிழை தேடும் மனிதர்தான் வேண்டும்.

டெபியன் 11 போட்ட ஒரு கணினியில் பாப்லரின் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள். 20.09.0 என்ற எண்ணின் வாலில் டெப்11யு1 என்றோ அதற்கு மேலான எண்ணோ இருந்தால், 2022இல் தெரிந்த அந்தக் கூட்டல் அங்கே சரியாகிவிட்டது. பிறகு அதே கணினியின் வட்டு முழுக்கப் பாப்லர் என்ற பெயரில் நூலகக் கோப்பு வேறெங்கும் கிடக்கிறதா என்று தேடுங்கள். ஒரு கட்டளைதான், சில நிமிடம் ஓடும். பொதுநூலகங்கள் இருக்கும் அடைவைத் தவிர வேறொரு அடைவின் பெயரும் பதிலில் வந்தால், அந்த அடைவு எந்த மென்பொருளுடையது, அதை யாரிடம் வாங்கியது, ரசீது எங்கே என்று தேடத் தொடங்கவேண்டும்.